கட்டைவிரல் நகமும் அகலத் திரையும்

கச்சிராயபாளையத்தைத் தாண்டிப் போய் கோமுகி அணைக் கரையில் ஏறி நின்றால், கல்வராயன் மலை இடமிருந்து வலமாக நீளப் படுத்திருக்கும். பொழுது சாய்கிற நேரம். பக்கத்தில் நின்ற அக்கா மகன் மலையைப் பார்க்கவில்லை. கைபேசியில் மூன்று மானிட்டர்களின் படங்களை மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டிருந்தான்.

“மாமா, 34 இஞ்ச் அல்ட்ராவைட் எடுக்கலாமா, இல்ல 32 இஞ்ச் சாதா மானிட்டரே போதுமா? ரெண்டு இஞ்ச்தானே வித்தியாசம்?”

கள்ளக்குறிச்சியில் வீட்டு முன்னறையிலேயே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவன் அவன். ஸ்டூடியோக்காரர்கள் படங்களைக் கொடுப்பார்கள். கரியாலூர், வெள்ளிமலைப் பக்கம் எடுத்தவை பெரும்பாலும் பென்டிரைவில்தான் இறங்கி வரும். மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் நிற்பதில்லை. முகூர்த்த மாதங்களில் பகல் முழுக்க போட்டோஷாப். இரவு பத்து மணிக்கு மேல் அதே கணினியில் கார் பந்தயமும் துப்பாக்கி விளையாட்டும். இரண்டுக்கும் ஒரே திரை வேண்டும் என்பது அவன் கணக்கு. ஆசைப்பட்டு எடுக்கிற பொருள்தான். ஆனால் அவன் சோறும் அதில்தான் இருக்கிறது. அதனால் அவசரப்பட்டுப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“போனை உள்ள வைடா. கைய நீட்டிக் கட்டைவிரலத் தூக்கு. அந்த நகம் மலையில எவ்வளவு இடத்த மறைக்குதோ, அவ்வளவுதான் உன் கண்ணு ஒரு நேரத்துல தெளிவாப் பாக்குது.”

“முழு மலையும் தெரியுதே மாமா.”

“சரி, அந்த உச்சிய விட்டுக் கண்ண எடுக்காம, இடது பக்கக் கரையில எத்தனை பேரு நிக்கிறாங்கன்னு சொல்லு.”

யாரோ அசைவது தெரிகிறது என்றான். எத்தனை பேர், ஆணா பெண்ணா, கையில் தூண்டிலா குடையா, எதையும் அவனால் சொல்ல முடியவில்லை. கண்ணை ஒரு முறை அந்தப் பக்கம் திருப்பியதும் எல்லாம் தெரிந்தது. அகலத் திரை வாங்குவதில் உள்ள அறிவியலில் பாதி, அந்த ஒரு திருப்பத்தில் இருக்கிறது.

நம் இரு கண்களும் சேர்ந்து பக்கவாட்டில் சுமார் 200 டிகிரியைப் பிடிக்கின்றன. அதில் இரு கண்ணும் ஒருசேரப் பார்ப்பது நடுவிலுள்ள 120 டிகிரி. எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் உதவுவது விழித்திரையின் மையக்குழி. அது பிடிப்பது 2 டிகிரிதான். நீட்டிய கையின் கட்டைவிரல் நகம் அளவு. பார்வை மையத்திலிருந்து 10 டிகிரி விலகினாலே கூர்மை ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். மலை முழுதும் தெளிவாக இருப்பதாகத் தோன்றுவது, கண் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவி எடுக்கும் துண்டுகளை மூளை ஒட்டிக் கொடுப்பதால்.

ஓரக்கண்ணுக்கு வேறு வேலை. விழித்திரையில் நிறத்தையும் நுணுக்கத்தையும் பிடிக்கும் கூம்பு செல்கள் 60 லட்சம்தான்; கோல் செல்கள் சுமார் 12 கோடி. ஓரத்தில் நிறைந்திருப்பவை கோல்கள். நிறம், நுணுக்கம் அவற்றுக்கு வராது. மங்கலான வெளிச்சத்தில் பார்ப்பதும் அசைவைச் சட்டென்று பிடிப்பதும் ஓரப் பார்வையின் பலம். பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டை நேராகப் பார்த்தால் நின்று எரிவதுபோல் இருக்கும், கடைக்கண்ணால் பார்த்தால் துடிக்கும். அது இதனால்தான்.

ஆகவே ஓர் அகலத் திரைமுன் உட்காரும் மனிதனுக்கு இரண்டு கண்கள் இல்லை, இரண்டு பார்வைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். வேலை நடுப்பார்வையைக் கேட்கிறது. விளையாட்டு ஓரப்பார்வையையும் சேர்த்துக் கேட்கிறது. ஒரே கண்ணாடிப் பலகை இரண்டுக்கும் எப்படி ஈடுகொடுக்கும் என்று பார்க்க வேண்டும்.

முதலில் அவன் சொன்ன “ரெண்டு இஞ்ச்” கணக்கைத் தீர்த்துவிடுவோம். திரையின் இஞ்ச் என்பது மூலைக்கு மூலை அளந்த நீளம். கரும்பு ஒன்றைத் தரையில் கிடத்தினால் அதற்கும் மூலைவிட்டம் உண்டு. பரப்பு என்று சொல்லத்தான் ஒன்றும் இருக்காது. திரை எவ்வளவுக்கு ஒடுங்கி நீள்கிறதோ, அதே இஞ்சுக்குப் பரப்பு அவ்வளவுக்குக் குறையும். 34 இஞ்ச் அல்ட்ராவைட்டின் அகலம் சுமார் 80 செ.மீ., உயரம் 33 செ.மீ. சாதாரண 16:9 வடிவத்தில் 32 இஞ்ச் என்றால் அகலம் 71, உயரம் 40. பெருக்கிப் பார்த்தால் 34 இஞ்ச் திரைதான் சிறியது, ஏறக்குறைய 6 சதவீதம். அதன் உயரம் ஒரு 27 இஞ்ச் சாதாரண மானிட்டரின் உயரம்தான். 29 இஞ்ச் அல்ட்ராவைட் இன்னும் மோசம்; 23 இஞ்ச் மானிட்டரின் உயரத்துக்கு இறங்கிவிடும். கடையில் எதைக் காட்டினாலும் உயரம் எத்தனை செ.மீ. என்று முதலில் கேட்கச் சொன்னேன். அகலத்தை வைத்து விற்கிறார்கள். உட்கார்ந்து பார்க்கும்போது குறைவது உயரம்.

இந்த அகல வடிவம் சினிமாவிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர் ஹென்றி கிரேத்தியென் 1920களில் ஒரு லென்ஸை உருவாக்கினார். அகலமான காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் பிலிமில் பதிக்கலாம், திரையிடும்போது மறுபடி விரிக்கலாம். அதை வைத்தே 1953இல் ‘தி ரோப்’ சினிமாஸ்கோப்பில் வந்தது. தமிழுக்கு அது வர இருபது ஆண்டுகள் ஆயின. 1973இல் ஏ.பி. நாகராஜன் இயக்கி, சிவாஜி கணேசன் நடித்த ‘ராஜராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். கணினி மேசைக்கு இந்த வடிவம் 2012இல்தான் வந்தது, எல்ஜியின் 29 இஞ்ச் மானிட்டராக. 21:9 என்று சொல்வது சுருக்கப் பெயர். சரியான விகிதம் 64:27. பழைய டிவியின் 4:3ஐ அதாலேயே ஒரு முறை பெருக்கினால் 16:9 வரும், இன்னொரு முறை பெருக்கினால் 64:27. மூன்று தலைமுறைத் திரைகளுக்கும் ஒரே பெருக்கல் பொருந்துவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

இப்போது அவன் தொழிலுக்கு வருவோம். கல்யாண ஆல்பத்தை எல்லோரும் மடியில் வைத்துப் புரட்டியிருப்போம். விரித்தால் 12க்கு 36 இஞ்ச், சென்டிமீட்டரில் 30.5க்கு 91.4. அதாவது 3:1. சினிமாஸ்கோப்பைவிட அகலமான ஒரு சட்டம் நம் வீட்டுப் பரண்களில் இத்தனை காலமாக இருக்கிறது. அச்சுக்கு 300 புள்ளி அடர்த்தியில் அதைத் தயாரித்தால் 10,800க்கு 3,600; ஒரு ஷீட்டில் கிட்டத்தட்ட 3 கோடியே 89 லட்சம் படப்புள்ளிகள்.

அவனிடம் இருந்தது 24 இஞ்ச் மானிட்டர். ஒரு முழு ஷீட்டை அதில் போட்டால் மேலும் கீழும் சேர்ந்து திரையின் ஐந்தில் இரண்டு பங்கு சும்மா கிடக்கும். நடுவில் 53 செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை. நிஜ ஆல்பத்தில் 58 சதவீதம். முகூர்த்த வேளையில் பெண்ணின் கண்ணோரம் கோத்த ஈரம் அந்த அளவில் தெரியாது. பெரிதாக்கினால் தாலி கட்டும் கை திரைக்கு வெளியே போய்விடும். நாள் முழுக்க பெரிதாக்கிச் சிறிதாக்கி, இடம் தள்ளி வலம் தள்ளி, மணிக்கட்டு வலிக்கிறது என்று அவன் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

34 இஞ்ச் அல்ட்ராவைட்டில் அதே ஷீட் 80 செ.மீ. அகலத்துக்கு விரியும், நிஜ ஆல்பத்தில் 87 சதவீதம். வாடிக்கையாளர் மடியில் எந்த அளவில் பார்க்கப் போகிறாரோ, கிட்டத்தட்ட அந்த அளவில் டிசைன் செய்கிறவரும் பார்க்கிறார். எழுத்து பெரிதா, முகம் சிறிதா, பக்கத்தின் நடு மடிப்பில் யாருடைய மூக்கு மாட்டுகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். போட்டோஷாப்பின் வலப்பக்கப் பட்டைக்கு 350 புள்ளி ஒதுக்கினாலும், 27 இஞ்ச் மானிட்டரில் கிடைப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு பரப்பு ஷீட்டுக்குக் கிடைக்கும்.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலை மட்டுமே என்றால் 32 இஞ்ச் 4கே மானிட்டர் இதற்குச் சரியான போட்டி. அகலம் 71 செ.மீ.தான், ஆனால் ஷீட் 3840 புள்ளி அகலத்தில் விழும். அல்ட்ராவைட்டில் 3440தான். கூர்மை கூட, உயரமும் கூட. 49 இஞ்ச் 32:9 திரையோ இரண்டு 27 இஞ்ச் மானிட்டர்களை ஒட்டியது போன்றது. ஆல்பத்தை முழு நிஜ அளவில், நூற்றுக்கு நூறு காட்டும். அதைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. “அப்ப அதையே எடுத்துரலாமே மாமா!” என்றான். அந்த 120 செ.மீ. அகலத்தை எதிரில் வைத்து, கண்ணிலிருந்து 70 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் திரை 81 டிகிரிக்குப் பரவும். தலையைத் திருப்பாமல் கண் மட்டும் சிரமமின்றி ஓடுவது இருபுறமும் 15 டிகிரி அளவுதான். மிச்சத்துக்கெல்லாம் கழுத்து உழைக்க வேண்டும். நாளுக்கு எட்டு மணி நேரம் உட்காருகிறவனுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

மறுநாள் அவன் வீட்டில் ஒரு சோதனை செய்தோம். பழைய தினசரித் தாள்களை ஒட்டி 80க்கு 33 செ.மீ. அளவில் வெட்டி, மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டினோம். அக்காவின் தையல் டேப்பை எடுத்து, கண்ணிலிருந்து தாள்வரை பிடித்தேன். மேசை இரண்டடி ஆழம், அதாவது 60 செ.மீ. சுவரோடு தாள் இருந்தபோது தூரம் 72. ஆனால் மானிட்டர் ஸ்டாண்ட் சுவரிலிருந்து 20 செ.மீ. முன்னால் தள்ளி நிற்கும்; தூரம் 52ஆகிவிடும். தாளை அட்டையில் ஒட்டி அங்கே நிறுத்திப் பார்த்தான். “ரெண்டு ஓரமும் கண்ணுக்குப் பக்கத்துல வந்துடுச்சு மாமா, தலைய ஆட்டிக்கிட்டே இருக்கணும்போல” என்றான்.

கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நல்ல பார்வை உள்ள கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைப் பிரித்தறியும். 3440×1440 புள்ளிகள் கொண்ட 34 இஞ்ச் திரையில் ஒரு புள்ளியின் அகலம் 0.23 மி.மீ. கணக்குப் போட்டால், 80 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் புள்ளிகள் கண்ணுக்குள் கரைந்து, படம் வழுவழுப்பாகும். 70 செ.மீ. தூரத்திலும் பழுதில்லை. அதே 34 இஞ்ச் அளவில் 2560×1080 மட்டும் உள்ள மலிவான மானிட்டர்களும் விற்கின்றன. அவற்றில் புள்ளி 0.31 மி.மீ.; ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிப் போனால்தான் மறையும். மேசையில் யார் அவ்வளவு தூரம் உட்காருகிறார்கள்? தமிழ் எழுத்தின் சுழிகள் அதில் படிப்படியாக உடைந்து தெரியும். விலையைப் பார்த்து அதை எடுத்துவிட்டு, கண் எரிகிறது என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இத்தகைய திரைகள் வளைந்து வருவதற்கும் காரணம் தூரம்தான். தட்டையான 80 செ.மீ. திரையை 70 செ.மீ. தூரத்தில் வைத்தால், ஓரங்கள் கண்ணிலிருந்து 80 செ.மீ. தள்ளிப் போய்விடும், அங்கே பார்வை விழுவதும் நேராக இல்லை, 30 டிகிரி சாய்வாக. 1800ஆர் என்று போட்டிருந்தால் 1800 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு என்று பொருள். அந்த வளைவில் ஓரங்கள் 4 செ.மீ. முன்னால் வரும், சாய்வு 18 டிகிரியாகக் குறையும். 1000ஆர் என்றால் ஓரங்கள் 8 செ.மீ. முன்னால் வந்து ஆளை அணைத்துக்கொள்ளும். பந்தயக் காருக்குள் உட்கார்ந்ததுபோல் இருக்கும். ஆனால் ஆல்பம் ஷீட்டில் இழுக்கும் நேர்கோடு நேராக இருக்கிறதா என்று கண் சந்தேகப்படும். எனவே 1800ஆர் அல்லது அதைவிடத் தட்டையானது என்று முடிவானது.

உள்ளே இருக்கும் பேனல் எது என்பதில்தான் நாங்கள் அதிக நேரம் பேசினோம். விஏ பேனலில் கறுப்பு நல்ல கறுப்பு. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் 3000க்கு 1 என்ற அளவில் வித்தியாசம் கிடைக்கும். ஐபிஎஸ் பேனலில் பொதுவாக 1000க்கு 1தான். ராத்திரிக் காட்டில் நடக்கும் விளையாட்டுக்கு விஏ அழகு, இருட்டு உருவங்கள் ஓடும்போது பின்னால் கொஞ்சம் இழுபட்டாலும்கூட. ஆனால் விஏ பேனலைச் சாய்வாகப் பார்க்கையில் நிறத்தின் தொனி மாறும். அகலத் திரையில் ஓரங்கள் எப்போதும் சாய்வுதான். ஷீட்டின் இடப்பக்கத்தில் ஒரு படம், வலப்பக்கத்தில் ஒரு படம், இரண்டிலும் அதே அரக்குக் கூறைப்புடவை; உட்கார்ந்த இடத்திலிருந்து தலையைச் சற்று நகர்த்தினால் ஒன்று கருக்கும், இன்னொன்று வெளுக்கும். அதை நம்பி நிறத்தைத் திருத்தினால் அச்சில் இரண்டு புடவையாக வந்து நிற்கும். ஓலெட் திரையில் இந்தக் குறை இல்லை, கறுப்பும் முழுக் கறுப்பு. 2022இலிருந்து 34 இஞ்சிலும் வருகிறது. ஆனால் போட்டோஷாப் பட்டைகள் நாள் முழுக்க ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். அசையாத வெளிச்சம் ஓலெட்டில் காலப்போக்கில் தழும்பாகப் பதியக்கூடும். வேலைக்காரனுக்கு ஐபிஎஸ்தான் என்றேன். இருட்டுக் காட்சியில் கொஞ்சம் இழப்புதான். ஒத்துக்கொண்டான்.

இனி விளையாட்டு. வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் நின்று முன்கண்ணாடி வழியாகப் பார்த்தால் வண்டி மெதுவாக ஏறுவதுபோல் இருக்கும். பக்கத்து ஜன்னலில் மரங்கள் பறக்கும். வேகத்தை உணர்த்துவது ஓரத்தில் ஓடும் காட்சிதான். அல்ட்ராவைட் விளையாட்டுக்குத் தருவது அந்த ஜன்னல் ஓரத்தை. நன்றாக எழுதப்பட்ட விளையாட்டுகள் மேல்கீழ்ப் பார்வையை அப்படியே வைத்துக்கொண்டு பக்கவாட்டில் கூடுதலாகக் காட்டும். சாதாரணத் திரையில் 90 டிகிரி காட்டுகிற விளையாட்டு, இதில் சுமார் 107 டிகிரி காட்டும்.

அந்தக் கூடுதல் 17 டிகிரி சும்மா வருவதில்லை. கல்யாண வீட்டில் எல்லோரையும் மேடையில் நிறுத்தி அகல லென்ஸில் குரூப் போட்டோ எடுத்தால், கோடியில் நிற்கும் சித்தப்பா ஒன்றரை ஆளாகத் தெரிவார். கோணமாகப் பரந்த காட்சியைத் தட்டையான தளத்தில் விரிக்கும்போது ஓரம் இழுபடுவது கணித விதி. விளையாட்டின் கற்பனைக் கேமராவுக்கும் அதே விதிதான். 90 டிகிரிக் காட்சியின் ஓரத்தில் பக்கவாட்டு இழுப்பு 2 மடங்கு. 107 டிகிரிக்குப் போனால் 2.8 மடங்கு. ஓரத்தில் நிற்கும் மரம் தடித்துத் தெரியும், எதிரி அகலமாகத் தெரிவான். கார் பந்தயத்தில் இந்த இழுப்பே வேகமாக மாறிச் சுகம் தருகிறது. குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் நடுவைத் தவிர வேறெதுவும் உதவாது.

எல்லா விளையாட்டும் இடம் கொடுப்பதும் இல்லை. அவன் ராத்திரியில் ஆடும் வலோரன்ட் 16:9 காட்சியைத் தாண்டி எதையும் காட்டாது. பக்கத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை நிற்கும். எல்டன் ரிங்கும் அப்படியே. பிளேஸ்டேஷன் 5 இந்த வடிவத்தில் படமே அனுப்பாது. வாங்குவதற்கு முன், தான் உண்மையில் எந்த விளையாட்டுகளை ஆடுகிறான் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். ஐந்து எழுதினான். மூன்று அகலத்துக்கு ஒத்துவந்தன.

கிராபிக்ஸ் கார்டின் சுமையையும் பார்க்க வேண்டும். அவன் பழைய திரையில் ஒரு ஃபிரேமுக்கு 20.7 லட்சம் புள்ளிகளை அது வரைந்தது. அல்ட்ராவைட்டில் 49.5 லட்சம், 2.4 மடங்கு. 4கே எடுத்திருந்தால் 83 லட்சம். வேலைக்கு மட்டும் என்றால் 4கே வென்றிருக்கும் என்று மேலே சொன்னேன். இரவு விளையாட்டையும் தட்டில் போட்டதும் தராசு இந்தப் பக்கம் சாய்ந்தது இந்தக் கணக்கால்தான். கார்டை மாற்றும் செலவு மிச்சம்.

கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. 3440×1440 படத்தை நொடிக்கு 144 முறை அனுப்ப நொடிக்கு 17 ஜிகாபிட்டுக்குமேல் ஓட வேண்டும். எச்டிஎம்ஐ 2.0 படத்துக்குக் கொடுக்கும் வழி 14.4 ஜிகாபிட்தான். டிஸ்ப்ளே போர்ட் 1.4இல் கிட்டத்தட்ட 26. கைக்குக் கிடைத்த பழைய எச்டிஎம்ஐ கேபிளைச் செருகிவிட்டு, 144 என்று வாங்கியதை 100இல் ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு.

வைகாசியில் மானிட்டர் வந்தது. ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு, மேசை விளிம்பில் இறுக்கும் மடங்கு கையில் மாட்டி, சுவரோடு ஒட்ட வைத்தோம். தையல் டேப்பால் கண்ணிலிருந்து 72 செ.மீ. வருமாறு நாற்காலியை நகர்த்தி, அதன் முன்கால்கள் நின்ற இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டான். ஷீட்டை நடுவில் வைத்தான். அடிக்கடி பார்க்கத் தேவையில்லாத பட்டைகளை இரு ஓரங்களுக்குத் தள்ளினான். முதலில் திறந்தது மலையிலிருந்து வந்த ஒரு கல்யாணத்தின் குரூப் போட்டோ. கோடியில் ஒரு பெரியவர் தடித்து நின்றார். பக்கத்திலேயே அவர் சந்தனம் வாங்கும் இன்னொரு படம் இருந்தது. அதில் ஒல்லியான மனிதர். இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு, ஓரத்தை மெல்ல மெல்ல உள்ளே நெருக்கி, அவரை அவர் உடம்புக்குக் கொண்டுவந்தான். அக்கா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, சாக்பீஸ் கோட்டை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு போனாள்.